பழைய கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

நெய்வேலியில் என் பெரியப்பா வீடு காலியாகிக் கொண்டு இருந்தது.

பெரியப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். டவுன்ஷிப் குவார்ட்டர்சைக் காலி செய்துவிட்டு, வடலூரில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகிறார். சாமான்களைக் கட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன்.

நெய்வேலியில் இது அடிக்கடி நடக்கிற காரியம். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வட்டத்தில், ஒரே மாமரத்தடியில் வாழ்ந்துவிட்டு, ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டியது லாரியில் ஏறும். வேண்டாதது வாசலுக்கு வரும். வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு நிற்பார்.

அன்று வாசலுக்கு வந்தவை: ஓர் உடைந்த மேசை விசிறி, இரண்டு துருப்பிடித்த வாளி, ஒரு பழைய கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் 2004-ம் ஆண்டு வாங்கியது. அதன் தாய்ப்பலகை கருகிப் போய்விட்டது. உயிர் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். "பழசு எதற்கு? இடத்தை அடைக்கும்" என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

இரும்புக்காரர் அதைத் தராசில் வைத்தார். அப்போதுதான் உள்ளே இருந்து ஆயாவின் சத்தம் கேட்டது.

"அடேய்! அதுக்குள்ளேதானே நம்ம ஊரு இருக்குது! ஊரையா எடை போட்டுக் கொடுக்கிறீங்க?"

பெட்டிக்குள் ஓர் ஊர்

ஆயாவுக்கு வயது எண்பத்தாறு. கம்ப்யூட்டரைத் தொட்டது கிடையாது. ஆனால் அவர் சொன்னது முழு உண்மை.

ஆயாவின் ஊர் இன்று இல்லை. சுரங்கம் விரிந்தபோது ஊரையே எடுத்துக் கொண்டார்கள். இழப்பீடு கொடுத்தார்கள், மாற்று இடமும் கொடுத்தார்கள். அந்தக் கதையின் நியாய அநியாயம் வேறு சங்கதி. ஊர் போய்விட்டது. சாதாரணமாக ஓர் ஊர் அழிந்தால், அந்த மண்ணாவது மிஞ்சும். இங்கே மண்ணும் மிஞ்சவில்லை. ஊர் இருந்த இடத்தில் இப்போது பெரும் பள்ளம். அய்யனார் கோவில் நின்ற இடம் எது என்று கேட்டால், ஆகாயத்தில் கையைக் காட்ட வேண்டும்!

ஊரைக் காலி செய்வதற்கு முன்பு, பெரியப்பா ஒரு கேமராவை இரவல் வாங்கி, தெருத் தெருவாகப் படம் எடுத்தார். கோவில், குளம், களத்துமேடு, தாத்தா நீர் இறைத்த கிணறு, எல்லாம் எடுத்தார். படங்களை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். 2004-ல் கம்ப்யூட்டர் வாங்கியதும், அவற்றை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றினார். தாத்தா சொல்லச் சொல்ல, ஆறு தலைமுறை வம்ச வரலாற்றைத் தமிழில் தட்டி வைத்தார்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது நினைவு இருக்கும். பலா மரமும் முந்திரி மரமும் வேரோடு சாய்ந்த நாள். அந்த மழையில் ஆல்பம் நனைந்து கூழாகிவிட்டது. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஆகவே, ஊர் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான். இரும்புக்காரர் அதற்கு நூற்றைம்பது ரூபாய் சொன்னார்.

"பார்மட் போட்டுடலாம் சார்!"

பெட்டியைத் திரும்ப வாங்கிக் கொண்டு, ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் நல்லவன். அவன் செய்ததைத்தான் ஊரில் பலரும் செய்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினான். கடையில் இருந்த வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, சுவிட்சைப் போட்டான். திரை ஒரு கணம் விண்டோஸ் என்று காட்டியது. அடுத்த கணம் முழுக்க நீல நிறமானது. வெள்ளை எழுத்தில் ஏதேதோ வந்தது.

"டிஸ்க் அவுட் சார். பார்மட் போட்டுடலாம். புதுசு மாதிரி ஓடும்" என்றான்.

பெரியப்பா முகம் வாடியது. "அவ்வளவுதானா தம்பி?" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. பையன் தவறாகப் புரிந்துகொண்டான். "பார்மட்" என்ற அந்த ஒரு சொல்லால் நாட்டில் எத்தனை குடும்பங்களின் கல்யாணப் படமும், பிள்ளையின் முதல் பேச்சும், பத்திர நகலும் காற்றோடு போயிருக்கின்றன! மருத்துவரிடம் தலைவலி என்று போகிறோம். அவர் நாடியைப் பார்க்காமல், "தலையை எடுத்துவிடலாம், வலி நிற்கும்" என்று சொன்னால் சம்மதிப்போமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் தலையை ஆட்டிவிடுகிறோம்.

கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தார்

அந்த நீலத் திரை ஏன் வந்தது? எளிதாகச் சொல்கிறேன்.

ஒரு பண்ணை வீடு. அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். நெல் எந்தக் குதிரில், பத்திரம் எந்தப் பெட்டியில், சாவி எந்த ஆணியில், எல்லாம் அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் இந்தக் கணக்குப்பிள்ளைக்குத்தான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். விண்டோஸ் என்பது அவர்தான்.

பெரியப்பா வீட்டுக் கணக்குப்பிள்ளை விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ம் ஆண்டு வந்தவர். அவரைத் தயாரித்த மைக்ரோசாப்ட் கம்பெனி, 2014-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதியோடு அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

அவர் அந்தப் பழைய வீட்டுக்கே பழகியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே நடப்பார். அவரைத் தூக்கி வேறு வீட்டில் விட்டால் என்ன ஆகும்? இருக்க வேண்டிய இடத்தில் வாசல் இல்லை, தூண் இல்லை. திகைத்து மயங்கி விழுகிறார். அந்த மயக்கம்தான் நீலத் திரை.

கணக்குப்பிள்ளை மயங்கினால், குதிரில் உள்ள நெல் கெட்டுப் போகுமா? பெட்டியில் உள்ள பத்திரம் எரிந்து போகுமா? அதெல்லாம் அப்படியே இருக்கிறது. வேறொரு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக் கொடு" என்றால் போதும்.

அதாவது, பழைய டிஸ்க்கைக் கொண்டு கம்ப்யூட்டரைக் 'கிளப்ப'க் கூடாது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரில், ஒரு பென் டிரைவைச் செருகுவது போல, அதைப் பக்கத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். இதுதான் முழு ரகசியம்.

நாற்பது ஊசி, ஒரு ஒயர்

மாட்டுவதில்தான் சின்னச் சங்கடம் உண்டு.

2004-ம் ஆண்டு டிஸ்க்கின் முதுகில் நாற்பது ஊசிகள் இருக்கும். அகலமான பட்டை ஒயர் அதில் மாட்டும். அதற்குப் பின் வந்தவற்றில் 'சாட்டா' என்ற மெல்லிய ஒயர். இப்போது வருபவற்றில் ஒயரே இல்லை. சுவிங்கம் பட்டை போல் ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். புதிய கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கைச் செருக வாயே கிடையாது.

இதற்கென்று ஓர் இணைப்பு ஒயர் கடையில் கிடைக்கிறது. ஒரு முனையில் நாற்பது ஊசிக்கும் சாட்டாவுக்கும் வாய் இருக்கும். மறு முனை, நம் செல்போன் சார்ஜர் போல யு.எஸ்.பி. வாங்கும்போது தனி மின்சார அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் பெரிய வயிறு. யு.எஸ்.பி. தரும் மின்சாரம் அதற்குப் போதாது; சுற்றாமல் கிடக்கும். "டிஸ்க் செத்துவிட்டது" என்று நினைத்துவிடுவீர்கள்.

மாட்டியதும் புதிய கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கலாம். "இந்த டிஸ்க்கைப் பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும். செய்யட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். அந்தப் பணிவில் மயங்காதீர்கள். 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். மீட்கிற டிஸ்க்கில் புதிதாக ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. அதிலிருந்து எடுக்கலாம், அதில் வைக்கக் கூடாது.

தெரியாமல் யாராவது பார்மட் போட்டுவிட்டால்? பழைய சுழலும் டிஸ்க் என்றால், அப்போதும் உடனே அழுதுவிட வேண்டாம். பெரும்பாலும் அது முகவரிப் பட்டியலை மட்டும்தான் கிழிக்கும். வீடுகள் நிற்கும். மேலே புதியதை எழுத எழுதத்தான் பழையது அழியும். அதனால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். இப்போது வருகிற தகடு டிஸ்க்குகளில் இந்தச் சலுகை இல்லை. அவை அழித்ததைத் தாமே துடைத்துச் சுத்தம் செய்துவிடும்.

'டக், டக்' என்று டிஸ்க் சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே முள் தட்டுகிறது என்று அர்த்தம். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

பூட்டியிருக்கிறதே!

பெரியப்பாவின் டிஸ்க்கை நாங்கள் வீட்டிலேயே மாட்டினோம். உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஆயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்.பி.யில் நம் பைல்கள் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற அறைக்குள், நம் பெயர் போட்ட உள்ளறையில் இருக்கும். பின்னால் வந்த விண்டோஸில் அந்த அறைக்கு 'யூசர்ஸ்' என்று பெயர். பெரியப்பா பெயரைத் தொட்டோம். 'அனுமதி இல்லை' என்று வந்தது!

"என் வீட்டுக்கு எனக்கே அனுமதி இல்லையா?" என்று பெரியப்பா கோபித்துக் கொண்டார்.

பழைய கணக்குப்பிள்ளை போட்ட பூட்டு அது. புதிய விண்டோஸுக்கு நாம் யார் என்று தெரியாது. 'உரிமையை எடுத்துக்கொள்' என்று அதற்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் அது பழைய டிஸ்க்கில் எழுதும். எனவே நாங்கள் வேறு வழியில் போனோம், லினக்ஸ் வழி.

லினக்ஸ் என்பது இன்னொரு கணக்குப்பிள்ளை; இலவசமாக வேலை செய்பவர். தமிழக அரசு 2011-ம் ஆண்டு முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி பலவற்றில், விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் வைத்து அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். அவர் பழைய கணக்குப்பிள்ளையின் சாதாரணப் பூட்டுகளைப் பொருட்படுத்துவதில்லை. 'படிக்க மட்டும்' என்று சொல்லிவிட்டால் டிஸ்க்கில் கைவைக்கவும் மாட்டார்.

கதவு திறந்தது. படங்கள் இருந்தன. ஆயா "ஐயனாரப்பா!" என்று கும்பிட்டார்.

மண்ணை வெட்டிய நான்கு ஆண்டு

படங்களைப் புதிய டிஸ்க்குக்கு எடுக்க எடுக்க, இடையிடையே நின்று போயிற்று. இருபது ஆண்டு கிடந்த டிஸ்க்கில் சில இடம் பழுதாகி இருந்தது. ஒரு படத்துக்காக அரைமணி நேரம் முயன்றது கம்ப்யூட்டர். மூன்று நாள் மாலை நேரம் இதிலேயே போயிற்று.

எனக்கு அலுப்புத் தட்டியது. பெரியப்பா அசையவில்லை. சுரங்கத்துக்காரர் அல்லவா!

"தம்பி, 1957-ம் வருஷம் மே மாசம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். கரியைக் கண்ணாலே பார்த்தது எப்போது தெரியுமா? 1961 ஆகஸ்டிலே. நாலு வருஷம் வெறும் மண்ணைத்தான் வெட்டினாங்க. கரி இல்லைன்னு யாராவது மூடிட்டுப் போனாங்களா?" என்றார்.

உண்மைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் 'கெட்ட தண்ணீர்' என்று கிணற்றைத் தூர்த்திருப்பார். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதனால்தான் இன்று நெய்வேலி இருக்கிறது. இல்லாவிட்டால் அது முந்திரிக் காடுதான்.

அம்மா எங்கே?

படம் கிடைத்துவிட்டது. தாத்தாவின் வம்ச வரலாற்றைத் திறந்தோம். திடுக்கிட்டோம்.

தமிழ் இல்லை! ஒரே ஆங்கில எழுத்து. அதுவும் அர்த்தம் இல்லாத எழுத்து. இடையிடையே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. "பூச்சி அரித்துவிட்டதா?" என்றார் ஆயா.

பூச்சி அரிக்கவில்லை. இது தமிழர்களுக்கே உரிய சங்கடம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழுக்குத் தனி இடம் கிடையாது. நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். 'பாமினி' என்ற எழுத்துருவில், ஆங்கில 'எம்' என்ற இடத்தில் 'அ' என்ற படம் இருக்கும். 'கே' என்ற இடத்தில் 'ம' இருக்கும். அரைப்புள்ளிதான் மேலே வைக்கும் புள்ளி. 'எச்' என்பது கால். ஆகவே நாம் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டர் எழுதி வைத்துக் கொள்வது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! பாமினி என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அம்மா தெரிவாள். கண்ணாடியைக் கழற்றினால் அம்மாவைக் காணோம்.

ஒரு கண்ணாடியாவது இருந்ததா? ஆளுக்கு ஒன்று. டைப் அடிக்கும் கடைக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. 1999-ம் ஆண்டு சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூட்டி, 'டாம்', 'டாப்' என்று தரம் வகுத்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் 'டிஸ்கி' என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான 'யூனிகோடு' 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. ஆனால் அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2010-ம் ஆண்டு ஜூன் மாதம்தான் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது.

அதற்கு முன் அடித்தவை? கடைகளிலும், ஆபீசுகளிலும், எழுத்தாளர் வீடுகளிலும் கண்ணாடி இல்லாமல் கிடக்கின்றன. டிஸ்க்கைத் திறக்கத் தெரிந்தவர்கூட, இதைப் பார்த்ததும் "பைல் கெட்டுவிட்டது" என்று அழித்துவிடுகிறார். எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் இதில்தான். படம் என்றால் யாருக்கும் தெரியும். எழுத்து என்றால், குப்பை மாதிரியே முகம் வைத்துக்கொண்டு உள்ளே தங்கம் கிடக்கிறது.

பரிகாரம் சுலபம். பழைய டிஸ்க்கில் 'விண்டோஸ்' என்ற அறைக்குள் 'பான்ட்ஸ்' என்று ஓர் உள்ளறை இருக்கும். எழுத்துருக்கள் அங்கே இருக்கும். நம் பைல்களோடு அந்த அறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிறகு, பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒன்று வைத்திருக்கிறது. தனியார் செய்த 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' என்பதும் உண்டு.

பெரியப்பா பைலை மாற்றியில் போட்டோம். எம், கே, அரைப்புள்ளி எல்லாம் மறைந்தன. தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏடு பெயர்த்து எழுதியவர்கள்

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த வேலை என்று எண்ண வேண்டாம். நம் முன்னோர் பனை ஓலையில் எழுதினார்கள். ஓலை நிரந்தரம் அல்ல. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை ஒருவர் உட்கார்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். யாரும் எழுதாமல் விட்ட நூல்கள் போயே போயின.

1855-ல் பிறந்த உ.வே.சாமிநாத ஐயர் ஊர் ஊராகப் போய், பரண் பரணாக ஏறி, ஏடு தேடினார். 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அச்சேற்றினார். அவரும் சந்தித்தது இதே இரண்டு சங்கடம்தான். ஏடு கிடைப்பது ஒன்று. கிடைத்த ஏட்டில் புள்ளி இருக்காது; காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்வது இன்னொன்று.

இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1086-ம் ஆண்டு, அந்த நாட்டு ராஜா ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதி வைத்த புத்தகம் ஒன்று உண்டு. 'டூம்ஸ்டே' புத்தகம் என்று பெயர். அது எழுதி 900 ஆண்டு ஆனதை ஒட்டி, 1986-ல் பி.பி.சி. புதுக் கணக்கெடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்பட பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் அக்காலத்துப் புதுமையான லேசர் தட்டில் பதித்தார்கள். பதினைந்தே ஆண்டில் அந்தத் தட்டைப் படிக்கும் இயந்திரம் கிடைப்பது அரிதாகிவிட்டது! 2002-ல், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒரு புரோகிராமை எழுதித்தான் அதைத் திறந்தார்கள். 900 ஆண்டுப் புத்தகத்தை இன்றும் புரட்டிப் படிக்கலாம்.

"எல்லாம் மேகத்தில் இருக்கிறதே!"

"இப்போது யார் ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறார்கள்? எல்லாம் கூகுளில் இருக்கிறது" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். என் அண்ணனும் அதைத்தான் சொன்னான்.

2004-ம் ஆண்டுப் படம் தானாகப் பறந்து கூகுளுக்குப் போகாது. யாராவது ஏற்ற வேண்டும். ஏற்றினாலும், இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை அழிக்கலாம் என்று அந்தக் கம்பெனி விதி செய்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பெரியவர் காலமானால், அவருடைய பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறது. யார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் தட்டுவது?

இன்னோர் அவசரமும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்குத் தனிப் பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டரையே வீடுகளில் மாற்றுகிறார்கள். வாசலுக்கு வரும் பெட்டிகள் கூடத்தான் செய்யும்.

அவற்றில் ஒரு புதுப் பொறி இருக்கிறது. புதிய கம்ப்யூட்டர் பலவற்றில், நாம் கேட்காமலேயே டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கிறார்கள். 'பிட்லாக்கர்' என்று பெயர். திருடன் கையில் சிக்கினால் நல்லது. ஆனால் தாய்ப்பலகை கெட்டுப் போய், டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால், நம்மையும் திருடன் என்றுதான் அது நினைக்கும். 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் லினக்ஸும் உதவாது. எந்தக் கொம்பனும் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே அந்த எண்ணை எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி, பத்திரத்தோடு வையுங்கள்.

நூலகத்தில் ஒரு மேசை

ஒவ்வொரு வீட்டிலும் இணைப்பு ஒயர் வாங்கி, லினக்ஸ் கற்று, எழுத்து மாற்றியைத் தேட முடியுமா? முடியாது. கற்றவன் ஒருவன் வீட்டில் இருந்தால் சரி. இல்லாத வீட்டுக்கு யார் கதி?

1948-ம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மேசை போட்டால் என்ன? ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர், எல்லா வாயும் உள்ள ஓர் இணைப்பு ஒயர், ஒரு பிளாப்பி பெட்டி, ஒரு சி.டி. பெட்டி, பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அடங்கிய ஒரு பென் டிரைவ், சொல்லிக் கொடுக்க ஓர் ஆள். ஒரு பீரோ வாங்கும் செலவுகூட ஆகாது. மக்கள் தங்கள் பழைய டிஸ்க்கைக் கொண்டு வந்து, தாங்களே எடுத்துக்கொண்டு போகட்டும்.

முதலில் செய்ய ஏற்ற ஊர் நெய்வேலி என்பேன். 1998-ல் புத்தகக் கண்காட்சி தொடங்கிப் பேர் வாங்கிய ஊர். மாதந்தோறும் யாராவது ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்கிற ஊர். ஊரை விட்டு வந்தவர்களின் ஊர்கள் பெட்டிக்குள் இருக்கிற ஊர். வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளில், "பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அந்த மேசைக்குப் போய் வாருங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தால் போதும்.

மேசை வரும் வரை, டிஸ்க்கை மட்டுமாவது கழற்றி வையுங்கள். நான்கு திருகுதான். பெட்டியை இரும்புக்குப் போடுங்கள்; வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்க்கோடு சேர்த்துப் போட்டால் நம் ஆதார் நகலும் பாங்கிக் கணக்கும்கூட அல்லவா தராசில் ஏறுகிறது!

ஆயா கண்ட படம்

மூன்றாம் நாள் இரவு வேலை முடிந்தது. நூற்று எண்பத்திரண்டு படங்களில் நூற்று எழுபத்தொன்று வந்தன. பதினொன்று திறக்கவில்லை. தாத்தாவின் கிணறு அந்தப் பதினொன்றில் போய்விட்டது. பெரியப்பா எதுவும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார்.

வந்தவற்றை இரண்டு இடத்தில் வைத்தோம். ஒன்று வடலூரில், ஒன்று பெங்களூரில். பழைய டிஸ்க்கைப் பருத்தித் துணியில் சுற்றி, ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டோம். இருபது படத்தைக் கடையில் கொடுத்துக் காகிதத்திலும் எடுத்தோம்.

ஆயா அவற்றை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். களத்துமேட்டுப் படத்தில் நின்றுவிட்டார். நெல் அடிக்கிறார்கள், ஓரத்தில் ஒரு புளியமரம், மரத்தடியில் முகம் தெரியாமல் யாரோ ஒரு பெண் குனிந்து எதையோ பொறுக்குகிறாள்.

"இது யாரு தெரியுதா?" என்று என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"நான்தான்டா" என்றார்.